கப்சாய் காலம் – 17: பின்னால் வருகிறவனுக்கு ஒரு கம்பி

போன வாரம், பந்தயம் ஓட்ட வந்த மாசாய் ஊர்த் தம்பியைப் பாசிர் கூடாங் பந்தயத் தடத்தின் வாசலில் விட்டிருந்தேன். அவருடைய எல்சி 135 (சின்ன இஞ்சின் கொண்ட கப்சாய் மோட்டார்), இரவல் வேன், வீட்டில் சொல்லாமல் வாங்கிய டயர் எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் முதல் வளைவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வளைவுக்கு முன்னால் முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி இருக்கிறது. அதைத் தாண்டாமல் எந்த வண்டியும் தடத்தில் இறங்க முடியாது. இதழ் அச்சுக்குப் போகிற நேரம் நெருங்கிவிட்டது, நான் இன்னும் அந்தக் கம்பியிடமேதான் நிற்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பாசிர் கூடாங் தடம் 1986இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.86 கிலோமீட்டர். ஷா ஆலமில் நடந்துவந்த மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி 1998இல் ஒரே ஒரு முறை இங்கே வந்தது. அந்த ஏப்ரலில் 500 சிசி பிரிவில் மிக் டூஹன் வென்றார். அடுத்த ஆண்டே சிப்பாங் திறந்துவிட்டார்கள், உலகப் பந்தயம் அங்கே போய்விட்டது. ஆனால் ஜொகூரின் பந்தயக் கதை 1986இல் தொடங்கியது அல்ல. 1940இலேயே ஜொகூர் பாருவின் தெருக்களில் ஜொகூர் கிராண்ட் பிரி ஓடியிருக்கிறது. அக்கரையில் சிங்கப்பூரின் தோம்சன் சாலைப் பந்தயம் 1973ஓடு நின்றுபோனது. பாசிர் கூடாங் திறந்த பிறகு வேக ஆசை உள்ள சிங்கப்பூர்க்காரர்களும் பாலம் கடந்து இங்கேதான் வந்தார்கள். மாசாய்த் தம்பி வேனை நிறுத்திய வரிசையிலும் பாதி சிங்கப்பூர் எண் பலகைகள்.

ஒரு மன்றப் பந்தய நாளில் ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். காலையில் பெயர்ப் பதிவு, பிறகு வண்டிப் பரிசோதனை, ஓட்டுநர்களுக்கான கூட்டம், பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, கடைசியில் பந்தயம். பந்தயம் எட்டுச் சுற்று என்றால் மொத்தம் 30.88 கிலோமீட்டர், ஏறக்குறைய ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் போகிற தூரம். அதற்காக விடியுமுன் எழுந்து, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே, வெயிலில் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் எனக்குப் பிடித்த பகுதி வண்டிப் பரிசோதனை. பார்வையாளர் மேடையில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

கூரைக்குக் கீழே ஒரு மேசை. வண்டிகள் வரிசையாகத் தள்ளிக்கொண்டு வரப்படுகின்றன. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றியிருக்க வேண்டும், நிறுத்துத் தாங்கியைக் கழற்றியிருக்க வேண்டும். முன்விளக்கு இருந்தால் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். பரிசோதகர் ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்தார், வாரின் இரட்டை வளையத்தை இழுத்துப் பார்த்தார். கைப்பிடியை முறுக்கிவிட்டார், அது தானாகத் திரும்பி வருகிறதா என்று கவனித்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இஞ்சினுக்கு அடியில் கையை விட்டார்.

"பெலும்," என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம்.

"என்னா பாங், எல்லாம் கட்டியாச்சே," என்றார் தம்பி.

அவர் பதில் சொல்லவில்லை. தம்பியின் கையைப் பிடித்து, எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் கட்டியிருந்த கம்பியின் மேல் விரலை வைக்கச் செய்தார். கம்பி இருந்தது, ஆனால் தப்பான பக்கத்திலிருந்து வந்தது. போல்ட் தளர்ந்தால் கம்பியும் சேர்ந்து தளரும்படி கட்டியிருந்தார் தம்பி. அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

கம்பி கட்டுவது பேச்சில் எளிது, கையில் கடினம். முதலில் போல்ட்டின் தலையில் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டரில் துளை போட வேண்டும். அறுகோணத் தலையில் ஊசி முனை வழுக்கும், துளைப்பான் உடையும். துளை விழுந்த பிறகு எஃகுக் கம்பியை அதில் கோத்து, இரண்டு நுனிகளையும் லோக்வயர் பிளையரில் கவ்வி, பிளையரின் குமிழைப் பின்னால் இழுத்தால் பிளையர் தானே சுழலும். கம்பி இறுக்கமாகப் பின்னிக்கொண்டு, சின்னப் பெண்ணின் சடைபோல் சீராக இறங்கும். இன்னொரு நுனியை இஞ்சினில் அசையாத ஏதாவது ஓர் இடத்தில் மாட்ட வேண்டும். முக்கியமான விஷயம் திசை. போல்ட் தளரத் திரும்பினால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மிச்ச நுனியை மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து கை விடுகிறவரின் விரலைக் கிழித்துவிடும்.

இந்தக் கம்பி போல்ட்டை இறுக்கி வைப்பதற்கு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இறுக்குவது ஸ்பேனரின் வேலை. பந்தயத்துக்கு முறுக்கேற்றிய ஒற்றை சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது எந்தப் போல்ட்டும் மெல்லத் தளரலாம். தளர்ந்தாலும் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது கம்பியின் முதல் வேலை. இரண்டாவது வேலை இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. பரிசோதகருக்கு எல்லா வண்டியின் எல்லாப் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்க நேரமில்லை. ஆனால் சரியான திசையில் கம்பி கட்டிய போல்ட்டைப் பார்த்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தப் போல்ட்டை இறுக்கி, நின்று யோசித்து, கம்பி கோத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் ஊற்றும் மூடி, ஃபில்டர் மூடி, பிரேக் கேலிப்பர் போல்ட் இவற்றில்தான் பெரும்பாலும் கம்பி கேட்கிறார்கள்.

இப்படிக் கம்பி கட்டுவது விமானத் தொழிலிலிருந்து வந்த பழக்கம். வானத்தில் கழன்ற போல்ட்டை எடுக்க யாரும் இறங்க முடியாது. விமானம் என்றதும் நினைவுக்கு வருகிறது, சென்னைக்காரர்களின் பழைய பந்தயத் தடமான சோழவரமும் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ஆண்டுக்காண்டு பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் சொந்தத் தடம் கட்டினார்கள். அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், பாசிர் கூடாங்கைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அங்கே வளர்ந்த தமிழ்ப் பையன்கள் பின்னாளில் ஆசியப் பந்தயங்களுக்கு மலேசியா வந்து ஓட்டினார்கள். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். கம்பிக்குத் திரும்புகிறேன்.

போல்ட் கழன்றால் யாருக்கு ஆபத்து? எண்ணெய் பின் டயரில் பட்டால் ஓட்டுகிறவர் விழுவார், அது உண்மை. ஆனால் சில சமயம் அவர் ஒன்றும் தெரியாமல் போய்விடுவார். எண்ணெய் அவருக்குப் பின்னால் ஓடுபாதையில் கோடாக விழுந்திருக்கும். அடுத்து வருகிறவர் வண்டியை முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்த்து அந்தக் கோட்டில் ஏறுவார்.

கூலன்ட் விஷயமும் இதேதான். எல்சி தண்ணீரால் குளிரும் இஞ்சின். சாலையில் ஓட்டும்போது ரேடியேட்டரில் பச்சையோ சிவப்போ கூலன்ட் ஊற்றுகிறோம். அதில் கிளைகால் இருக்கிறது. அது துருப்பிடிக்காமல் காக்கும், எளிதில் கொதிக்கவும் விடாது. பந்தயத் தடத்துக்குள் பெரும்பாலும் அதற்கு அனுமதி இல்லை, வெறும் தண்ணீர்தான். கிளைகால் தரையில் சிந்தினால் வழவழவென்று கிடக்கும், லேசில் காயாது. தண்ணீர் சிந்தினால் ஜொகூர் வெயிலில் சில நிமிடத்தில் மறைந்துவிடும். ஆக, பந்தயத்துக்குப் போகிறவர் கூலன்ட்டை வடித்து, கழுவி, தண்ணீர் ஊற்றி, இஞ்சின் கொஞ்சம் துருப்பிடித்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் கொதித்தாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டுதான் வருகிறார். தன் இஞ்சினுக்கு நஷ்டம், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாதுகாப்பு. விளக்கில் ஒட்டுகிற டேப்பும் அப்படித்தான். கண்ணாடிச் சில்லு சிதறினால் ஓட்டியவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இந்த விதிகளைப் படிக்கப் படிக்க 1973 மோன்சாதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மே 20ஆம் தேதி, இத்தாலியில் 250 சிசி உலகப் பந்தயம். முதல் சுற்றிலேயே வேகமான பெருவளைவில் இத்தாலியின் ரென்சோ பசோலினி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த ஃபின்லாந்தின் யார்னோ சாரினென் மோதினார். முந்தின ஆண்டு 250 சிசி உலகச் சாம்பியன் அவர். இருவரும் இறந்துபோனார்கள். பின்னால் வந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் அந்தக் குவியலில் சிக்கினார்கள். அதற்கு முன் நடந்த 350 சிசி பந்தயத்தில் ஒரு வண்டி எண்ணெய் ஒழுகவிட்டது, அதைத் துடைக்காமலே அடுத்த பந்தயத்தைத் தொடங்கினார்கள் என்று உடனே பேச்சு எழுந்தது. பசோலினியின் இஞ்சின் இறுகி நின்றதே காரணம் என்று பிறகு சொன்னார்கள். வாதம் ஓயவில்லை. யமாஹா அந்தப் பருவத்தின் மிச்சப் பந்தயங்களிலிருந்து தன் அணியை விலக்கிக்கொண்டது. காரணம் எண்ணெயோ இஞ்சினோ எதுவானாலும், எண்ணெய் கிடக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது கொடி அசைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

பின்னால் வருகிறவரைக் காக்கும் கொடிகளை நான் விரும்புவதும் இதனால்தான். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடியைக் காட்டினால், முன்னால் தரை வழுக்குகிறது என்று அர்த்தம். வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் மழைத்துளி. கறுப்புக் கொடியின் நடுவில் ஆரஞ்சு வட்டமும் பக்கத்தில் ஒரு எண்ணும் வந்தால், அந்த எண்காரர் உடனே தடத்தை விட்டு ஓரமாக வெளியேற வேண்டும், அவர் வண்டியில் ஏதோ பழுது. தன் இஞ்சினுக்கு அடியில் ஒழுகுவதை ஓட்டுகிறவர் பார்க்கவே முடியாது. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மார்ஷல்தான் அதைப் பார்க்கிறார். எண்ணெய் விழுந்துவிட்டால் சிமெண்ட் தூளோடு ஓடிவந்து, தூவி, கூட்டித் தேய்க்கிறவரும் அவரேதான். மன்றப் பந்தயங்களில் இவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், கைக்கு வருவது சாப்பாட்டுப் பொட்டலம்தான். கோப்பை வாங்குகிறவரின் படம் போடுகிற பத்திரிகைகள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு மார்ஷல் படத்தையும் போட வேண்டும்.

பெரிய வண்டிகளுக்கு இன்னும் ஒரு விதி இருக்கிறது, அது ஜொகூருக்கென்றே எழுதினமாதிரி. இஞ்சினுக்குக் கீழே இருக்கும் உறை, இஞ்சின் வெடித்தால் சிந்துகிற எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் தொட்டியாக இருக்க வேண்டும். உலக விதிப்படி, மொத்த அளவில் பாதியாவது அதில் நிற்க வேண்டும். அந்தத் தொட்டியின் அடியில் துளைகள் உண்டு. வெயில் பந்தயத்தில் அவற்றை மூடி வைக்க வேண்டும், எண்ணெய் வெளியே போகக் கூடாது. மழைப் பந்தயம் என்று அறிவித்தால்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் மழைநீர் தேங்கி நிற்கும். பாசிர் கூடாங்கில் மதியத்துக்கு மேல் எந்த நிமிடமும் வானம் கறுக்கும். அப்போது ஒவ்வொரு கூடாரத்திலும் ஒருவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ரப்பர் மூடியைப் பிடுங்குவார். பக்கத்தில் இன்னொருவர் டயர் மாற்றுவார். மழை வராமலே மேகம் கலைந்தால் எல்லாவற்றையும் மறுபடி மூடுவார்கள்.

மாசாய்த் தம்பி பழைய கம்பியை வெட்டி, சிமெண்ட் தரையில் முதுகு பட மல்லாந்து, வியர்வை கண்ணில் வழிய, சரியான திசையில் கட்டிக்கொண்டு திரும்பினார். வரிசையில் கடைசி ஆள் அவர்தான். பரிசோதகர் மறுபடி கையை விட்டு, விரலால் ஒரு முறை தட்டிப் பார்த்து, வண்டியின் முன்புறம் ஸ்டிக்கரை ஒட்டினார். அதற்குள் ஒலிபெருக்கியில் ஓட்டுநர் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. பயிற்சி ஓட்டமும் தொடக்க வரிசையில் அவர் நின்ற இடமும் முதல் வளைவும் அடுத்த வாரம்.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடியற்காலையில் ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த நெரிசலில் ஒரு மோட்டாருக்கும் அடுத்த மோட்டாருக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இருக்காது. மழை தொடங்கிய முதல் சில நிமிடத்தில் சாலையில் கிடக்கும் எண்ணெய் மேலே மிதந்துவரும், அப்போதுதான் வண்டிகள் அதிகமாக வழுக்குகின்றன. நாளைக் காலையில் மோட்டாரை எடுக்குமுன், இரவு அது நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் வேலை முடிந்து திரும்புகிற வழியில் பட்டறையில் காட்டி, வடிக்கும் போல்ட்டையும் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறை வைத்திருப்பவர்களும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் புது வாஷர் போட்டே அனுப்புங்கள்.