வாக்கிங் போக பயமா இருக்கா? வெயிலையும் கொரோனாவையும் சேர்த்தே சமாளிக்கலாம்!

"பார்க் திறந்துட்டாங்களாம்மா... நாளைக்கு வாக்கிங் போகட்டுமா?"

லீவு கேட்கிற ஸ்கூல் பையன் மாதிரி அப்பா என்னிடம் கேட்டார். அறுபதை நெருங்குகிற மனிதர். பதினைந்து வருடமாக சர்க்கரை. தினமும் காலை 5.30-க்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரை, மே மாதம் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தது நான்தான். டி.விக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவில் 'எட்டு' போட்டு நடந்தார். முதல் வாரம் அரை மணி நேரம். அடுத்த வாரம் பத்து நிமிடம். அப்புறம் அதுவும் நின்றுபோனது. போன ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் சுகர் பார்த்தால் 192. ஏப்ரலில் 130-ஐத் தாண்டாதவர்!

கொரோனாவிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சர்க்கரையிடம் மாட்டிவிட்டேனோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியென்றால் இது உங்களுக்கான கட்டுரை.

2021 மே 10-ம் தேதி தொடங்கிய முழு ஊரடங்குக்குப் பிறகு, அந்த வருடம் ஜூன் 14 முதல் சென்னை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் பூங்காக்கள் காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்காக மட்டும் திறக்கப்பட்டன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அப்போது இந்தத் தளர்வு இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு மொட்டை மாடிதான் பார்க். அதற்கும் கீழே டிப்ஸ் இருக்கிறது.

வெளியே நடந்தால் கொரோனா வருமா?

பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் புகை. அதே ஊதுபத்தியை மொட்டை மாடியில் ஏற்றினால், பக்கத்தில் போய் நின்றால்தான் வாசனையே தெரியும். கொரோனா தொற்றும் கிட்டத்தட்ட இப்படித்தான். பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள், காற்றோட்டம் இல்லாத அறையில் தேங்கி நிற்கும். திறந்தவெளியில் சீக்கிரம் கலைந்துவிடும். மூடிய, காற்றோட்டம் குறைந்த, கூட்டமான இடங்களில்தான் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அதனால், தனியாகத் தள்ளி நடப்பவருக்கு ரிஸ்க் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் கோட்டை விடுகிறோம். நடை முடிந்ததும் பெஞ்சில் நாலு பேர் நெருக்கமாக உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி அரை மணி நேரம் அரட்டை. ஊதுபத்திக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்வது இதுதான். அப்பாவிடம் நான் போட்ட முதல் கண்டிஷன், "நடங்க, ஆனா பெஞ்ச்ல உட்கார்ந்து கதை பேசாதீங்க."

'வெயில்ல வைரஸ் செத்துடும்'னு சொல்றாங்களே?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இது வராத நாளே இல்லை. வெயிலில் நிற்பதோ, 25 டிகிரிக்கு மேல் வெப்பம் இருப்பதோ கொரோனாவைத் தடுக்காது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. இரண்டாவது அலை நம்மைப் புரட்டிப்போட்டதே ஏப்ரல், மே கோடையில்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெயில் நமக்கு மருந்தாக வராது. அதுவே தனிப் பிரச்னை. அதற்கும் சேர்த்துத்தான் பிளான் பண்ண வேண்டும்.

எப்போது நடக்கலாம்?

ஒரு நாளின் வெப்பம் மிகக் குறைவாக இருப்பது சூரிய உதயத்தையொட்டி. எனவே காலையில் கேட் திறந்ததும் போய்விடுங்கள். 8 மணிக்குப் போனால் வெயிலும் இருக்கும், கூட்டமும் இருக்கும்.

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கல், புழுக்கம். வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. வெயிலே இல்லாத காலையிலும் சட்டை நனைந்து, சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான்.

மாலையில் மொட்டை மாடியில் நடப்பவர்கள், சூரியன் இறங்கியதும் ஓடாதீர்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் அப்போதுதான் வெளியே விடும். தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு ஏறுங்கள். முக்கியமாக, சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டது தெரியாது; கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். செருப்போ ஷூவோ கட்டாயம்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது பொதுக்கணக்கு. தினமும் அரை மணி நேரம், ஐந்து நாள் நடந்தால் போதும். ஆனால் அதை முதல் நாளே தொடாதீர்கள். ஐந்து வாரம் ஃபேனுக்கும் ஏ.சி-க்கும் அடியில் இருந்த உடம்பு, வெக்கையை மறந்திருக்கும். மறுபடி பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். 15 நிமிடத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள்.

வேகத்துக்கு ஈஸியான டெஸ்ட் இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுதே!

உண்மைதான். வியர்வையில் நனைந்த மாஸ்க் வழியாக மூச்சுவிடுவது கஷ்டம். அதற்காகக் கழற்ற வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் ஒரு எக்ஸ்ட்ரா மாஸ்க்கும், நனைந்ததைப் போட ஒரு கவரும் வைத்திருங்கள். ஓட்டத்தைத் தள்ளிப்போட்டு நடையோடு நிறுத்திக்கொண்டால், மாஸ்க்கோடு சமாளித்துவிடலாம். 2021-ல் பொது இடத்தில் மாஸ்க் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதமும் இருந்தது.

கிளம்பும் முன்...

* ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் சொந்த பாட்டில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உப்பு போட்ட நீர்மோர் நல்லது. (பி.பி, கிட்னி பிரச்னை இருப்பவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.)

* வெளிர் நிற, தொளதொள காட்டன் உடை போதும்.

* இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், பையில் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், படபடப்பு, திடீர் பசி வந்தால் உடனே அதைச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

* தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடம்பு சூட்டில் திணறுகிறது என்று அர்த்தம். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ யோசிக்காமல் 108.

கொரோனா வந்து போனவர்கள்?

அவசரமே வேண்டாம். நெகட்டிவ் ஆனதும் உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் வீட்டுக்குள், அப்புறம் மாடியில், கடைசியாகப் பூங்கா. இன்று நடந்ததால் நாளை எழவே முடியாத அசதி வந்தால், இன்று நடந்தது அதிகம். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர்களும் இதயநோய் உள்ளவர்களும், டாக்டரிடம் கேட்காமல் ஷூவைத் தொடவே வேண்டாம். காய்ச்சல், இருமல் என்று சின்ன அறிகுறி இருந்தாலும் யாரும் வெளியே நடக்கக் கூடாது. அது மற்றவர்களுக்காக.

ஹெட்செட்டைக் கொஞ்சம் கழற்றுங்க பாஸ்!

ஆக்ஸிஜன், பெட், ரெம்டெசிவிர் என்றே இத்தனை நாள் கேட்ட காதுக்கு, பத்து நிமிடம் குயில் சத்தம் கேட்கக் கொடுங்கள். சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. மே ஃபிளவர் மரத்தடியெல்லாம் சிவப்பு. நாம் உள்ளே இருந்தபோது மரங்கள் லீவு போடவில்லை!

அப்பா திங்கட்கிழமை போனார், 15 நிமிடம். திரும்பி வந்ததும் அவர் சொன்னது சுகரைப் பற்றி இல்லை. "வழக்கமா வர்றவங்கள்ல மூணு பேரைக் காணோம்மா. யார்கிட்ட கேட்குறதுன்னு தெரியல" என்றார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் அந்த மூவரில் ஒருவர் வந்துவிட்டாராம். தூரத்தில் நின்றே கை காட்டினாராம். அன்றைக்கு அப்பா 20 நிமிடம் நடந்துவிட்டு வந்தார்.

சுகர் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. சில வாரங்கள் ஆகும் என்கிறார் டாக்டர். பரவாயில்லை, நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் ஷூவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "வேணாம்ப்பா" என்று சொல்வதற்குப் பதில், நாளை காலை 5.45-க்கு அலாரம் வையுங்கள். ஆறடி தள்ளி, அவரோடு நீங்களும் நடங்கள்!