உழைப்பு இருக்கிறது, உயர்வு எங்கே?

"நம் ஆட்களுக்கு ஒழுங்காக வேலை செய்யத் தெரியாது. அதனால்தான் நம் தொழில்கள் முன்னேறுவதில்லை." பட்டறையோ சிறு ஆலையோ நடத்துகிறவர்கள் இப்படிச் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதே ஆலையில் வேலை செய்கிறவரைக் கேட்டால், "காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறேன். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார். இருவருமே தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் உயர்வைத்தான் காணோம். வளரும் நாடுகளின் தொழில்களை வாட்டும் இந்தச் சிக்கலைப் பொருளாதார அறிஞர்கள் 'உற்பத்தித்திறன்' என்ற சொல்லைக் கொண்டு ஆராய்கிறார்கள். அது எதனால் உயர்கிறது, எதனால் தேங்குகிறது என்பதைச் சற்று சிந்திப்போம்.

உற்பத்தித்திறன் என்பது என்ன?

ஒரு தையற்காரர் எட்டு மணி நேரத்தில் 40 சட்டைகளுக்குக் காலர் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்து 60 காலர் தைக்க வைத்தால் உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் உற்பத்தித்திறன் கூடவில்லை. முன்பும் மணிக்கு ஐந்து, இப்போதும் மணிக்கு ஐந்துதான். கூடியது அவருடைய களைப்பு மட்டுமே. அதே எட்டு மணி நேரத்தில், ஊசி உடையாமலும், நூலுக்காகக் காத்திராமலும், தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்காமலும் 48 காலர் தைத்தால், அதுதான் உற்பத்தித்திறன் உயர்வு.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. நேரத்தைக் கூட்டிப் பெறும் வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. மனித உடல் அதற்கு மேல் தாங்காது. ஒரு மணி நேர உழைப்பின் பலன் கூடும்போதுதான், முதலாளிக்கு இலாபமும் தொழிலாளிக்குக் கூடுதல் ஊதியமும் ஒன்றாகக் கிடைக்க வழி பிறக்கிறது. அப்படியானால் அந்தப் பலன் எதனால் கூடுகிறது?

1. ஆலைக்குள் ஒழுங்கு

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் பருத்தித் துணி நெய்யும் ஆலைகள் பல உள்ளன. நிக்கோலஸ் புளூம், உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் மெக்கன்சி முதலிய பொருளாதார அறிஞர்கள் 2008ஆம் ஆண்டு முதல் அங்கே ஓர் ஆய்வு நடத்தினார்கள். 17 நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்கு மட்டும் மேலாண்மை ஆலோசகர்கள் பல மாதங்கள் உடனிருந்து உதவினார்கள். மற்றவற்றில் குறைகளைக் கண்டறிந்து சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆலோசகர்கள் முதலில் கண்ட காட்சி நமக்குப் புதிதல்ல. கருவிகள் ஆங்காங்கே கிடந்தன. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பதற்குச் சரியான கணக்கில்லை. தறி நின்ற பிறகுதான் பழுது பார்த்தார்கள், முன்கூட்டியே பராமரிக்கும் வழக்கம் இல்லை. துணியில் எந்தக் குறை எத்தனை முறை, எந்தத் தறியில் வருகிறது என்று யாரும் தொடர்ந்து எழுதி வைத்துப் பார்க்கவில்லை. ஆலையின் ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறைபட்ட துணியைச் சரிசெய்வதிலேயே நாளைக் கழித்தார்.

ஆலோசகர்கள் பெரிய விந்தை எதுவும் செய்யவில்லை. தரையைச் சுத்தமாக வைப்பது, நூலுக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவது, தறிகளைக் குறித்த காலத்தில் பராமரிப்பது, குறைகளைப் பதிவு செய்து மேற்பார்வையாளர்கள் நாள்தோறும் கூடிப் பேசுவது போன்ற 38 எளிய நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் சுமார் 17 விழுக்காடு உயர்ந்தது. துணியின் குறைகள் பெருமளவு குறைந்தன. இத்தனைக்கும் பழைய ஆட்கள் அகற்றப்பட்டுப் புதிய ஆட்கள் வரவில்லை. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கியவர்களே, ஒழுங்கு வந்தபின் நல்ல துணி நெய்தார்கள்.

இவ்வளவு எளிய மாற்றத்தை அவர்கள் ஏன் முன்பே செய்யவில்லை? தங்கள் ஆலை நன்றாகத்தான் நடக்கிறது என்று உரிமையாளர்கள் பலர் நம்பியிருந்தார்கள். குறையை அளக்காதவருக்குக் குறை தெரிவதில்லை. இன்னொரு காரணமும் வெளிப்பட்டது. குடும்பத்திற்கு வெளியே உள்ள மேலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்க அவர்கள் தயங்கினார்கள். திருட்டு நடந்தால் நீதிமன்றம் சென்று தீர்ப்புப் பெறப் பல ஆண்டுகள் ஆகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே எத்தனை ஆண் மக்களும் சகோதரர்களும் இருக்கிறார்களோ, அதைப் பொறுத்தே தொழிலும் பெருகியது. நம்பிக்கை குறைந்த சமுதாயத்தில் திறமையான தொழில்கூட ஓர் அளவுக்கு மேல் வளர முடிவதில்லை.

2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மீண்டும் அங்கே சென்று பார்த்தார்கள். கற்றுக்கொடுத்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர்கள் மாறியதும், உரிமையாளர்களுக்கு நேரம் இல்லாததும் அதற்கு முக்கிய காரணங்கள். ஆயினும் உதவி பெற்ற ஆலைகள் மற்றவற்றைவிட முன்னிலையிலேயே இருந்தன. ஒழுங்கு ஒருமுறை வந்தால் போதாது, அதை நாள்தோறும் காக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

2. ஆலைக்கு வெளியே மின்சாரமும் சாலையும்

உரிமையாளர் எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும், அவர் கையில் இல்லாதவை சில உண்டு. தமிழகத்தில் 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நாம் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லை. கோவையின் சிறு பட்டறைகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், லேத் ஓடவில்லை. அந்த நாட்களின் உற்பத்திக் குறைவுக்கு ஆளைக் குறை சொல்ல முடியுமா?

இந்தியத் தொழிற்சாலைகளின் பல ஆண்டுக் கணக்குகளை வைத்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மின்பற்றாக்குறையால் சராசரி ஆலையின் வருவாய் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தது என்று கணக்கிட்டது. ஜெனரேட்டர் வாங்க முடிந்த பெரிய ஆலைகள் ஓரளவு தப்பித்தன. வாங்க முடியாத சிறிய ஆலைகளுக்கே அடி பலமாக விழுந்தது.

சாலையும் அவ்வாறே. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தால் சாலை மேம்பட்ட நகரங்களில், ஆலைகள் தங்கள் மூலப்பொருள் கையிருப்பை 6 முதல் 12 நாள் உற்பத்திக்கு உரிய அளவு குறைத்துக்கொண்டன என்று ஓர் ஆய்வு காட்டியது. லாரி எப்போது வரும் என்று தெரியாதபோது, மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மூட்டைகளில் முடங்கிக் கிடப்பது பணம். லாரி சொன்ன நேரத்தில் வந்தால், அந்தப் பணம் புதிய இயந்திரமாகவோ, கூடுதல் ஆளுக்கு ஊதியமாகவோ மாற முடியும்.

3. கற்ற கை

வங்காள தேசத்தின் கதை நாம் அறிய வேண்டியது. 1979ஆம் ஆண்டில் 'தேஷ்' என்ற புதிய ஆடை நிறுவனம், தென் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, சுமார் 130 பேரைப் பயிற்சிக்காகக் கொரியாவுக்கு அனுப்பியது. அவர்கள் பல மாதங்கள் அங்கே தங்கி, தையல் மட்டுமல்லாமல் தரக் கட்டுப்பாடு, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஏற்றுமதி நடைமுறை எல்லாவற்றையும் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, சொந்த ஆலைகள் தொடங்கினார்கள் அல்லது வேறு ஆலைகளை நடத்தச் சென்றார்கள். பயிற்சி அளித்த நிறுவனத்துக்கு அது இழப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறிவு நாடெங்கும் பரவியது. உலகின் மிகப் பெரிய ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக வங்காள தேசம் உயர்ந்ததற்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

பெங்களூரு ஆடை ஆலைகளில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. பெண் தொழிலாளர்களுக்கு அங்கே அளித்த பயிற்சி தையல் பற்றியதல்ல. பிறரோடு பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையைத் தயங்காமல் எடுத்துச் சொல்வது ஆகியவற்றில் சுமார் 80 மணி நேரப் பயிற்சி. அதைப் பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைவிட 13 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. வாய் திறந்து, "இந்த மெஷின் சரியில்லை, அண்ணா" என்று சொல்லத் துணிந்த ஒரு பெண்ணால் ஒரு தையல் வரிசையே நிற்காமல் ஓடும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் இதே கருத்தைக் காண்கிறோம். ஒரு காலத்தில் நிலமும், பின்னர் மூலதனமும் உற்பத்தியின் முதன்மைக் காரணியாக இருந்தன என்றும், இன்று மனிதரும் அவருடைய அறிவுமே அந்த இடத்தைப் பெற்று வருகின்றன என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

4. கவலையற்ற மனம், களைக்காத உடல்

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. ஒப்பந்த முடிவில் எல்லாருக்கும் கணக்குத் தீர்க்கப்படும். ஆனால் சிலருக்கு மட்டும் கூலியில் ஒரு பகுதி சில நாட்கள் முன்னதாகவே கொடுக்கப்பட்டது. பணம் கைக்கு வந்த நாள் முதல் அவர்கள் கூடுதலாகத் தைத்தார்கள், தவறுகளும் குறைந்தன. மிகவும் ஏழையாக இருந்தவர்களிடமே இந்த மாற்றம் அதிகம் காணப்பட்டது. தட்டுக்கு இவ்வளவு என்ற கூலி ஒரு ரூபாய்கூட உயரவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. கடன்காரர் வந்து நிற்பாரே, பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டுமே என்ற கவலை சற்று விலகியதும், மனம் வேலையில் நின்றது.

மாலைக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் (24:15) கட்டளையிடுவதை நீதியின் கட்டளையாகவே நாம் அறிந்திருக்கிறோம். அது தொழிலுக்கும் நல்லது என்று இன்றைய ஆய்வு காட்டுகிறது. இதற்கு நேர் எதிரானது, நம் மாநிலத்து நூற்பாலைகள் சிலவற்றில் நடந்த 'சுமங்கலித் திட்டம்'. இளம் பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்க வைத்து, ஊதியத்தின் பெரும் பகுதியை நிறுத்தி வைத்து, திருமணத்துக்கு உதவும் என்று கடைசியில் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. இடையில் நோயுற்று வீடு திரும்பியவர்கள் அந்தத் தொகையை இழந்த நிகழ்வுகளும் உண்டு.

உடலின் நிலையும் இப்படியே. வெப்பம் மிகுந்த நாட்களில் தையல் வேகம் குறைகிறது. பெங்களூரு ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, சூடு குறைவாக வெளிவிடும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியபோது, அந்தக் குறைவு பெருமளவு தணிந்தது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்தச் செய்த மாற்றம், தொழிலாளரின் உடலுக்கும் ஆறுதலாயிற்று.

உயிரை விலையாக்கும் உற்பத்தி

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அவசரத்தையும் அச்சத்தையும் கொண்டு உற்பத்தியைப் பெருக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கும் வங்காள தேசமே சாட்சி. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் இருந்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அதன்பின் ஆலைகள் ஆய்வு செய்யப்பட்டுப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி அதற்குப் பிறகும் வளர்ந்தது.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, நம்மில் சிலர் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறோம், பலர் வேலை செய்கிறோம். தொழில் நடத்துகிறவர்கள் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, எந்தக் குறை எத்தனை முறை வருகிறது, இயந்திரம் எத்தனை மணி நேரம் நின்றது, ஏன் நின்றது என்று எழுதத் தொடங்கலாம். ஊதிய நாளைத் தவறாமல் காக்கலாம். வேலை செய்கிறவர்கள் சொல்லும் குறையைக் கோபப்படாமல் கேட்கலாம். வேலை செய்கிறவர்கள் தாங்கள் கற்ற நுணுக்கத்தைப் புதிதாக வருகிறவருக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுக்கலாம். மின்சாரத்திற்கும் சாலைக்கும் விரைவான நீதிக்கும் அரசிடம் நாம் அனைவரும் சேர்ந்தே குரல் எழுப்பலாம்.

அடுத்த முறை "நம் ஆட்களுக்கு வேலை செய்யத் தெரியாது" என்று யாராவது சொன்னால், அந்த ஆட்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். சிந்திப்போம், செயல்படுவோம்.