இயங்குதளம் நம் கையில் – 14: வாய் திறக்காத மடிக்கணினி

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், லினக்ஸைக் கடைக்கோடி ஊர்வரை கொண்டுபோனது. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அந்த மடிக்கணினிகளில் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை. வேதாரண்யம் பக்கம் அந்த மாதிரிப் பழைய மடிக்கணினியைத் தூசி தட்டிப் புதிய லினக்ஸ் போடுகிறவர்களிடம் கேட்டால், பொதுவான புகார் ஒன்றுதான்: "எல்லாம் ஓடுது, சத்தம்தான் வரல."

உடனே டிரைவர் இல்லை என்று முடிவுகட்டி, மறுபடி முதலிலிருந்து நிறுவுவது வெட்டி வேலை. ஒலி டிரைவர் பெரும்பாலும் கர்னலோடேயே வந்துவிடுகிறது. செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அட்டைக்காக எழுதிய டிரைவரிலிருந்து வளர்ந்ததுதான் லினக்ஸின் ஒலி அடுக்கான 'ஆல்சா'. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கர்னலிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேலடுக்கில் முன்பு பல்ஸ்ஆடியோ, இப்போது பைப்வயர். எந்தச் செயலியின் சத்தம் எந்த வழியாகப் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்வது இவை.

ஆகவே முதலில் டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' திறந்து, எஃப்6 தட்டி உங்கள் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். வரிசையாகக் கம்பங்கள் தெரியும். ஏதாவது கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் அது வாயடைத்துக் கிடக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். மறைக்காடு என்ற இதே வேதாரண்யத்தில் கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகமே பாடவேண்டியிருந்தது. இங்கே ஓர் எழுத்து போதும். எச்டிஎம்ஐ வழி தேர்வாகியிருந்தாலும் ஸ்பீக்கர் ஊமைதான், அமைப்புகளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அதிலும் வரவில்லையென்றால், உப்புக் காற்றைச் சந்தேகப்படலாம். ஹெட்போன் துளைக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. ஹெட்போன் பின் நுழைந்ததும் அது நகரும். சிப் அதை உணர்ந்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். உப்பள ஊரில் அந்தத் தகட்டில் பச்சை பூத்து ஒட்டிக்கொண்டால், எதுவும் செருகாமலேயே 'ஹெட்போன் இருக்கிறது' என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும். ஒலி அமைப்பில் வெறும் துளைக்கு 'ஹெட்போன்' என்று காட்டினால் இதுதான் கோளாறு. கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஒரு பின்னின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தடவிச் சில முறை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். அதுவரை பொறுமையில்லாதவர்கள் ஆல்சாமிக்சரில் 'ஆட்டோ-மியூட் மோட்' என்ற கம்பம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை 'டிசேபிள்ட்' ஆக்கலாம்.

தகடே அரித்துப்போயிருந்தால் மதர்போர்டில் கைவைக்காதீர்கள். யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்று வாங்கிச் செருகுங்கள். அந்த வகை அட்டைகளுக்குப் பொதுத் தரம் ஒன்று இருப்பதால், பெரும்பாலானவற்றுக்கு லினக்ஸில் தனி டிரைவர் தேவைப்படாது.

(அடுத்த வாரம்: மைக்)