பி.சி.108 கிடைக்கலையா? கவலை வேண்டாம்!

குட்டீஸ்... அறிவியல் கண்காட்சிக்கு மழை அலாரம் செய்ய ஆசையா? நூலகத்தில் உள்ள பழைய எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்தைப் புரட்டினால், அருமையான சர்க்யூட் படம் கிடைக்கும். ஆனால், அதில், 'டிரான்சிஸ்டர் - பி.சி.108' என்று போட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டால், 'அதெல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி' என்பார்.

உடனே, அலாரம் செய்யும் ஆசையை விட்டு விடாதீர்கள். பி.சி.108க்குப் பதிலாக வேலை பார்க்க ஆள் இருக்கிறது!

டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது?

மழைத்துளி வழியாகப் பாயும் மின்சாரம் மிகக் குறைவு. பஸ்ஸரை ஒலிக்க வைக்க, அது போதாது. அந்தச் சிறு மின்சாரத்தை வாங்கி, பேட்டரியில் இருந்து பெரிய மின்சாரத்தைத் திறந்து விடுவதுதான் டிரான்சிஸ்டரின் வேலை. சிறு விரலால் குழாயைத் திருகினால், தண்ணீர் கொட்டுகிறது அல்லவா... அது போலத்தான்!

இதற்கு மூன்று கால்கள் உண்டு. எமிட்டர், பேஸ், கலெக்டர். (மாவட்ட கலெக்டர் இல்லீங்க!) சிறு மின்சாரம் பேஸ் வழியாகப் போகும், பெரியது கலெக்டர் வழியாகப் போகும்.

மாற்று ஆளைத் தேர்வு செய்ய...

பி.சி.108, 1960களில் வந்தது. அதற்கு உலோகத் தொப்பி இருக்கும். பிறகு, விலை குறைந்த பிளாஸ்டிக் உடம்போடு பி.சி.547, பி.சி.548 வந்தன. இவை பொருந்துமா என்று அறிய, ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. என்.பி.என்., வகையா, பி.என்.பி., வகையா? இது மாறவே கூடாது. மூன்றுமே என்.பி.என்.,தான்.

2. எதனால் ஆனது? பெயரின் முதல் எழுத்து 'பி' என்றால் சிலிக்கான். 'ஏ' என்றால் ஜெர்மானியம். சிலிக்கான் விழித்துக் கொள்ள, பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். ஜெர்மானியத்துக்கு, 0.2 வோல்ட்டே போதும். அதனால், ஏ.சி.128 இருந்த இடத்தில், பி.சி.547ஐ அப்படியே வைக்க முடியாது.

3. எத்தனை வோல்ட் தாங்கும்? பி.சி.108, 20 வோல்ட், பி.சி.548, 30 வோல்ட், பி.சி.547, 45 வோல்ட். மாற்று ஆள் அதிகம் தாங்கினால் நல்லதுதான், குறைந்தால்தான் ஆபத்து.

4. எவ்வளவு மின்சாரம்? மூன்றுமே 100 மில்லி ஆம்பியர் தாங்கும். சிறிய பஸ்ஸருக்கு, 20 மில்லி ஆம்பியர் இருந்தால் போதும்.

5. எத்தனை மடங்கு பெருக்கும்? 200 மடங்கு என்றால், 20 மில்லி ஆம்பியர் ஓட, பேஸில் 0.1 மில்லி ஆம்பியரே போதும். பி.சி.547 பெயரின் கடைசியில் 'ஏ' இருந்தால், 110 முதல் 220 மடங்கு. 'பி' என்றால், 200 முதல் 450. 'சி' என்றால், 420 முதல் 800. மழைத்துளிக்கு, 'பி' அல்லது 'சி' வாங்குங்கள்.

கால்களில்தான் கண்டம்!

எண்கள் எல்லாம் பொருந்தினாலும், கால் மாறினால் அலாரம் ஊமையாகி விடும். பி.சி.108ன் தொப்பி விளிம்பில், சிறு நாக்கு போல ஒன்று நீட்டிக் கொண்டிருக்கும். அதன் அருகில் உள்ள கால் எமிட்டர், நடுவில் பேஸ், மற்றது கலெக்டர்.

பி.சி.547ன் தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்குமாறு பிடியுங்கள். இடமிருந்து வலமாக, கலெக்டர், பேஸ், எமிட்டர். இதே வேலையைச் செய்யும், 2 என் 3904 என்ற டிரான்சிஸ்டரை அப்படிப் பிடித்தால், எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழாக இருக்கும். உருவம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள்!

முதலில், பிரெட்போர்டில் செருகிச் சோதியுங்கள். டிரான்சிஸ்டரை மாற்றும் முன், பேட்டரியைக் கழற்றுங்கள். சோல்டரிங் செய்யும் போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக் கரன்ட்டில் ஓடும் ரேடியோவை மட்டும், நீங்களாகத் திறக்கவே கூடாது.

பழைய புத்தகத்தில், இனி எந்த டிரான்சிஸ்டர் பெயரைப் பார்த்தாலும், இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பதிலைக் குறித்துக் கொள்ளுங்கள். கால்களையும் படமாக வரையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்காது!