சிங்கப்பூர் நாகூர் தர்கா மியூசியம் ஆச்சு!

கோவளம் கடற்கரை தர்காவை நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜாதி, மதம் பார்க்காமல் ஜனங்கள் வந்து போகிற இடம். "இனிமே இது தர்கா இல்லை, மியூசியம்" என்று யாராவது அங்கே போர்டு மாட்டினால் சும்மா விடுவார்களா?

சிங்கப்பூரில் ஒரு தர்கா அப்படித்தான் மாறியது. ஆனால் கதை வேறு.

தெலுக் ஆயர் தெருவில் 1828-30ல் கட்டியது அது. கட்டியவர்கள் சோழமண்டலக் கரையில் இருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள். 'சூலியா' என்று அங்கே அவர்களுக்குப் பேர். நாகூர் ஆண்டவர் அடக்கமாகி இருப்பது நாகூரில்தான். சிங்கப்பூரில் இருப்பது அவர் ஞாபகார்த்தம். கடலில் போகிறவனுக்கு அவர் காவல் என்பது நம்பிக்கை. அன்று தெருவுக்கு எதிரிலேயே கடல்! பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது சுற்றிலும் மாடிக் கட்டிடங்கள்தான்.

1974ல் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தார்கள். பேர் கிடைத்தது, கட்டிடம் தேறவில்லை. 1990களில் பழுதாகிப் பூட்டு விழுந்தது. 2007ல் மராமத்து தொடங்கி, 2011ல் திறந்தபோது அது 'இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்'. அதாவது, மியூசியம்.

அப்போ தொழுகை?

அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறதே! 1827ல் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர்கள் வைத்த பேர் 'குச்சுப் பள்ளி'. கல் கட்டிடமான பிறகும் பேர் மாறவில்லை, தொழுகையும் நிற்கவில்லை.

துருக்கியில் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. இஸ்தான்புல் ஆயா சோபியா 537ல் மாதா கோயில், 1453ல் பள்ளிவாசல், 1935ல் மியூசியம். 2020ல் மறுபடி பள்ளிவாசல். உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது.

நமக்கு இது புதுசா என்ன? மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம். பூஜை கிடையாது, தொல்லியல் துறை வசம். கற்பூரம் காட்ட வேண்டுமா, ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது.

விளக்கேற்றிய இடத்தில் கண்ணாடிப் பெட்டியா என்று பெரியவர்கள் வருத்தப்பட்டால் அது நியாயம்தான். ஆனாலும் பூட்டுத் தொங்கி, மழையில் சுவர் ஊறுவதற்கு மியூசியம் எவ்வளவோ தேவலை.

சிங்கப்பூர் போகிற நம்ம ஆட்கள் முஸ்தபா கடையோடு திரும்பிவிடுகிறார்கள். தெலுக் ஆயரிலேயே பாதாள ரயில் ஸ்டேஷன் இருக்கு. இறங்கினால் நடக்கிற தூரம்தான்!