எலிசபெத் பண்ணைவீடு

சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவில், புரமட்டகல் பழங்குடியினரின் மண்ணில் 1793-ல் மெக்கார்தர் குடும்பம் ஒரு பண்ணைவீடு கட்டியது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டி இன்றும் நிற்கும் வீடுகளில் மிகப் பழையது இதுதான்.

ஆஸ்திரேலியாவின் மெரினோ ஆட்டுக் கம்பளித் தொழிலின் முன்னோடி என்ற பெருமையை நெடுங்காலம் குடும்பத் தலைவர் ஜான் மெக்கார்தருக்கே கொடுத்துவந்தார்கள். ஆனால் காலனி ஆளுநருக்கு எதிரான கலகத்தில் சிக்கி, 1809 முதல் 1817 வரை அவர் இங்கிலாந்தில் முடங்கியபோது, ஆட்டு மந்தையைக் கட்டிக்காத்தவர் மனைவி எலிசபெத். நிலம், ஆட்கள், கம்பளி எல்லாம் அவர் பொறுப்பில்தான் நடந்தன. வீடு அவர் பெயரைத் தாங்குவது எவ்வளவு பொருத்தம்!

இப்போது அது அருங்காட்சியகம். மற்ற இடங்களைப்போல கயிறு கட்டித் தடுப்பதில்லை. உள்ளே இருப்பவை பழைய சாமான்களின் நகல்கள் என்பதால், நாற்காலியில் தாராளமாக உட்காரலாம், பொருள்களைத் தொட்டும் பார்க்கலாம்.