நிலவில் உருண்ட சக்கரம், நிலத்தில் நின்ற சம்பளம்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் இரண்டு காரியங்கள் நடந்தன. தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார். தோண்டிய குழிக்கு மேலே கண்ணாடி பதித்து, தாழிகள் கிடந்தபடியே கிடக்க, மக்கள் மேலே நின்று பார்க்கும் ஏற்பாட்டையும் திறந்து வைத்தார். அதே நாளில், ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 நிலவின் சுற்றுப்பாதைக்குள் புகுந்தது. குனிந்து தாழியைப் பார்த்த ஊர்க்காரன், பதினெட்டே நாளில் நிமிர்ந்து நிலவைப் பார்த்தான்!

ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். தோழர்களே, அந்த நேரத்தை மறந்தவர் உண்டோ? யூடியூபில் மட்டும் 80 லட்சம் பேர் ஒரே சமயத்தில் பார்த்தார்கள் என்பது கணக்கு. ஒரு கைப்பேசியைச் சுற்றி ஆறு தலை முட்டிக்கொண்டு நின்றதே, அந்தக் கணக்கை யார் எடுத்தார்கள்? உப்பளத்தில் நாளெல்லாம் வெயில் காய்ந்தவரும், துறைமுகத்தில் ஷிப்டு முடித்தவரும், பீடி சுற்றிய கையோடு வந்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் திரையில் இறங்க இறங்க, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அது போலி உணர்ச்சியல்ல. அதைப் பார்த்து ஏளனம் செய்கிற மேதாவிகளோடு நமக்கு உடன்பாடு இல்லை.

சந்திரன் கிரகம் அல்ல, பூமியின் துணைக்கோள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பஞ்சாங்கம்தான் இன்னும் அதை ஒன்பதில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது. நிஜமான வேற்றுக் கிரகமாகிய செவ்வாயில் வண்டி ஓட்டியவர்கள் அமெரிக்கர், 1997இலேயே தொடங்கிவிட்டார்கள். 2021 மே மாதம் சீனரும் இறக்கினார்கள். நம்முடைய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை எட்டிச் சுற்றியது, இறங்கவில்லை. அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம் நெல்லைச் சீமைக்காரர். நிலவில் முதன்முதலில் வண்டி உருட்டியது சோவியத் நாடு. 1970 நவம்பரில் இறங்கிய லுனாகோட், பத்து மாதத்துக்கும் மேலாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஆகவே நாமே முதல்வர் என்று மார் தட்டுவதில் அர்த்தமில்லை. தென் துருவத்தை ஒட்டிய பகுதியில் பத்திரமாக இறங்கியதில் மட்டும் நாமே முதல்வர். அதைச் சொல்லலாம், உரக்கவே சொல்லலாம்.

இறங்கியது எப்படி? நிலவுக்கு 30 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தைப் பத்தொன்பது நிமிடத்துக்குள் நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டும். பிடித்து நிறுத்தக் காற்று கிடையாது, பாராசூட் பயன்படாது, எஞ்சினை எதிர்த்திசையில் எரித்துத்தான் பிரேக் போட வேண்டும். அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து யாரும் கை கொடுக்க முடியாது. விக்ரம் என்ற அந்த இறங்குகலமே பார்த்து, அளந்து, முடிவெடுத்து இறங்கியாக வேண்டும்.

2019 செப்டம்பர் 7 விடியற்காலையில் இதே வேலையில் சந்திரயான்-2 தோற்றது. கலம் மோதி நொறுங்கியது. அழுதார்கள், பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள். பட்டறையில் வேலை செய்கிற தோழருக்கு இது புரியும். உடைந்த இடத்தை மட்டும் ஒட்டினால் போதாது, எங்கெங்கே உடையக்கூடும் என்று தட்டிப் பார்க்க வேண்டும். கால்களுக்கு உறுதி கூட்டினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். அரைக் கிலோமீட்டர் சதுரத்தில்தான் இறங்க வேண்டும் என்றிருந்ததை, 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இடமாக விரித்தார்கள். எஞ்சின் ஐந்திலிருந்து நான்காயிற்று. நான்கு நாள் முன்னால், ஆகஸ்ட் 19 அன்று, ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி அழிந்ததை நினைத்தால், இந்த வேலையின் கடுமை விளங்கும். நிலவில் வண்டி ஓட்டிய நாட்டுக்கே சறுக்கியது!

பிறகு வந்தது பிரக்யான். ஆறு சக்கரம், 26 கிலோ எடை, வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம்; நம் ஊர் ஆமை முந்திவிடும். ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலக் குழி ஒன்றைக் கண்டு, திரும்பு என்ற உத்தரவு வந்ததும் வந்த வழியே திரும்பிற்று. மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னது. இறங்குகலத்தின் கருவியொன்று மண்ணில் குத்திப் பார்த்தது: மேற்பரப்பில் ஏறத்தாழ 50 டிகிரி வெப்பம், எட்டே சென்டிமீட்டர் கீழே, உறைநிலைக்கும் பத்து டிகிரி குறைவு! ஒரு சாண் ஆழம்கூட இல்லை, சித்திரையிலிருந்து இமயத்துக்குப் போய்விட்டது. நூறு மீட்டர் ஓடி, செப்டம்பர் 2இல் பிரக்யான் தூங்க வைக்கப்பட்டது. நிலவின் இரவு நமக்குப் பதினான்கு நாள். விடிந்தபின் கூப்பிட்டார்கள், எழவில்லை.

"சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் நிலவுக்கு வண்டி எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி பழையது, கேட்பவர் பெரும்பாலும் சோற்றுக்குக் குறைவில்லாதவர். 615 கோடி ரூபாய் செலவு. 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. பஸ் நிலையத்தில் அதற்கு ஒரு டீ கிடைக்காது. பட்டினிக்குக் காரணம் பிரக்யான் அல்ல. நாம் கேட்கும் கேள்வி வேறு. அந்த வண்டியை உருட்டிய கைகள் யாருடையவை, அந்தக் கைகளுக்குக் கிடைத்தது என்ன?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கி, அதன்பின் பொறியியலுக்குப் போனவர். டிப்ளமாதானே என்று இளக்காரமாகப் பார்க்கிறார்களே, அந்த வாசல் வழியாகத்தான் அவர் நடந்து போனார். பெருங்கலம் கிளம்பும் முன்பு ஒத்திகை பார்க்க நிலவின் மண் போன்ற மண் வேண்டியிருந்தது. அந்தப் பாறை கிடைத்தது எங்கே? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும். டன் கணக்கில் உடைத்து, பொடித்து அனுப்பினார்கள். நிலவின் மண்ணுக்கு நம் மண் மாற்று நின்றது.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடந்தது. மூழ்கியவனின் பெயரை ஊர் சொன்னது. ஆனால் அவன் உயிர் மேலே கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கயிறு பிடித்தவனுக்கும் பங்கு உண்டு என்பது கடலோரத்து நியாயம். அந்த நியாயத்தோடு ராஞ்சிக்குப் போவோம்.

ராஞ்சியில் ஹெவி எஞ்சினியரிங் கார்ப்பரேஷன் என்ற சர்க்கார் ஆலை இருக்கிறது. 1958இல், சோவியத், செக்கோஸ்லோவாக்கிய நாடுகளின் துணையோடு எழுந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டைத் தாங்கி நகரும் ஏவுபீடத்தையும் பாரந்தூக்கிகளையும் செய்து கொடுத்த ஆலை அது. 2023இல், நாடு கைதட்டிய அதே மாதங்களில், அங்கே தொழிலாளருக்குப் பதினெட்டு மாதச் சம்பளப் பாக்கி! தொழிலாளி ஒருவர் குடும்பம் நடத்த இட்லிக் கடை போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. செப்டம்பரில் டில்லிக்கு வந்து போராடினார்கள். சந்திரயான்-3க்கென்று எந்த உறுப்பையும் அந்த ஆலையிடம் கேட்கவில்லை என்றது சர்க்கார்; 2003 முதல் 2010 வரை ஏவுதளச் சாமான்கள் தந்ததை ஒப்புக்கொண்டது. சரி, அப்படியே இருக்கட்டும். எந்த ஆண்டில் பீடம் செய்தான் என்பதா வழக்கு? உழைத்த மாதத்துக்குச் சம்பளம் எங்கே என்பதுதான் வழக்கு. நிலவு வரை போகும் கணக்கைப் பிசகாமல் போட்டவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். மாதத்தில் முதல் தேதி எது என்று கணக்குப் போட ஆள் இல்லையா?

இதை வடநாட்டுச் செய்தி என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. இப்பரம்பிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சுற்றுக்குள் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. அங்கே நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். இடம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே திறந்த கடல். நல்ல திட்டம், வரட்டும், வரவேற்கிறோம்.

ஆனால் 2,233 ஏக்கர் நிலம் அதற்குப் போகிறது. மாதவன்குறிச்சியும் படுக்கப்பத்தும் பள்ளக்குறிச்சியும் தேரி மணலும் பனையும் உள்ள ஊர்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் தந்த சீமை. 1960களில் கேரளத்துத் தும்பாவில் மீனவர்கள் தங்கள் குப்பத்தையும் மாதா கோயிலையும் விட்டுக் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்துதான் நாட்டின் முதல் ராக்கெட் போயிற்று. மீனவன் விட்டுக் கொடுத்த மணலில் எழுந்ததே இத்தனை பெருமையும். பழவேற்காட்டில் இன்றைக்கும் ராக்கெட் ஏவும் நாளில், கடலுக்குப் போகாதீர் என்று மீனவருக்கு அறிவிப்பு வருகிறது. போகாத நாளுக்கு அடுப்பு எரியாது.

நம் கரையிலும் அந்த அறிவிப்பு வரப்போகிறது. ஏவுதளத்தில் காவல் வேலையும் தோட்ட வேலையும் மட்டும் உள்ளூர்க்காரனுக்கு, அதுவும் காண்டிராக்டில், என்று முடித்துவிடக் கூடாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். நிலம் தந்த குடும்பத்துக்கு முன்னுரிமை வேண்டும். ஏவும் நாளில் கரையேறி நிற்கும் வள்ளத்துக்கு அன்றைய கூலி இன்னது என்று எழுத்தில் வேண்டும், குலசையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே.